ஃபிளெக்ஸில் முளைத்த பல்

என் முன்பற்களில் ஒன்று நூலால் போனது. பக்கத்துப் பல் பாதி, கடலை மிட்டாயால் போனது. இரண்டுக்கும் நானேதான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள். நூலுக்கு ஒத்துக்கொள்கிறேன். கடலை மிட்டாய் விஷயத்தில் பாகு காய்ச்சியவனையும் விசாரிக்க வேண்டும்.

நான் திருச்சுழியில் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்களுக்கு மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. மழையை நம்பி விதைக்கிற பூமி. மழை ஏமாற்றிய வருஷம் நிலத்தை விற்கிறவர்கள் வருவார்கள், பெய்த வருஷம் பாகம் பிரிக்கிறவர்கள் வருவார்கள். வானம் எப்படி நடந்துகொண்டாலும் எனக்கு வேலை உண்டு.

இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில் ஏற்றுகிற காலம். இருந்தாலும் தாளைத் தாளோடு சேர்த்துத் தைக்காமல் கையில் கொடுத்தால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது பத்திரமாகப் படாது. ஓரத்தில் துளை போட்டு, நூல் கோத்து, முடிச்சை இறுக்கி, மிச்ச நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு நீட்டுவேன். மேஜையில் கத்தரிக்கோல் இருக்கிறது. அதைத் தேடி எடுப்பதற்குள் வாய் வேலையை முடித்துவிடும். முப்பது வருஷம் அப்படி முடித்ததில் முன்பல் ஆடத் தொடங்கி, ஒருநாள் ஒரு கிரயப் பத்திரத்தின் மேலேயே விழுந்தது.

பல் போனபின் நான் கற்றுக்கொண்ட வித்தைகள் சில உண்டு. மேலுதட்டைக் கீழே இழுத்து வைத்தே பேசுவது. சிரிப்பு வந்தால் கையிலிருக்கும் தாளை வாய்க்கு நேராகத் தூக்கிப் படிப்பது. பதிவு அலுவலகத்தில் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் கேமரா முன் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். "சிரிக்காதீங்க, கேமராவப் பாருங்க" என்று என் ஆட்களிடம் நான்தான் சொல்லி அனுப்புவேன். அந்த அறிவுரையை என்னைப்போல் ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் இந்தத் தாலுகாவில் இன்னொருவன் இருக்க மாட்டான்.

இதோடு காலம் ஓடியிருக்கும். மகளுக்குக் கல்யாணம் வந்தது.

வந்தது என்று சொல்வது பொய். அவளே பார்த்துக்கொண்டு வந்தாள். மதுரையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையன், மல்லாங்கிணறு. விசாரித்துப் பார்த்தால் எங்கள் சனம்தான். பையனின் அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் எட்டு மாதம் முடியாது என்றேன். காரணம் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னேன். உண்மையான காரணம் ஒன்றுதான். ஊர் முழுக்க என்னிடம் வந்து வரைவு எழுதி வாங்குகிறது, என் மகள் என்னைக் கேட்காமலே முழுப் பத்திரத்தையும் தயாரித்துக்கொண்டு வந்து கையெழுத்துக்கு நீட்டுகிறாள். அந்தக் கோபம். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அந்த எட்டு மாதமும் வீட்டுக்கு வந்தால் அவள் என்னிடம் பேசியது குறைவு. அடுப்படியில் அம்மாவும் மகளும் கிசுகிசுத்துவிட்டு நான் போனதும் நிறுத்துவார்கள். கடைசியில் தை மாதம் சம்மதம் சொன்னேன். அவள் உடனே சந்தோஷப்படவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மனசாரத்தானப்பா?"

"ம்" என்றேன். ஓட்டைப் பல்லோடு அதற்கு மேல் சொல்ல வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அப்போது எனக்கு மனசு முழுசாக வரவில்லை. வந்தது பிறகுதான். அந்தப் பையன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, மை கசிகிறதென்று நான் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்த பிரிண்டரை யாரும் சொல்லாமலே கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, மை அப்பிய கையோடு சாப்பிட உட்கார்ந்தான். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் சம்மதம் சொல்லி முடித்த விஷயத்துக்கு இரண்டாம் தடவை சம்மதம் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

வைகாசியில் முகூர்த்தம் வைத்தோம். மனைவி என் வாய்ப் பிரச்சினையைக் கையில் எடுத்தாள்.

"கல்யாணத்துக்கு இந்த ஓட்டையோடவா நிக்கப் போறீக? காலத்துக்கும் போட்டோவுல இருக்கும்."

அருப்புக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் மைத்துனனுக்குத் தகவல் போனது. அவன் என் மகளுக்குத் தாய்மாமன். எங்கள் பக்கம் கல்யாணத்தில் தாய்மாமனுக்கு இருக்கும் அதிகாரம் கலெக்டருக்குக் கிடையாது. மறுநாளே பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு என்னை பஸ்ஸில் வரச்சொன்னான்.

ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஆஸ்பத்திரி. டாக்டர் இளம் பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பல்லைப் பார்ப்பார், பஞ்சை வைப்பார் என்று நினைத்துப் போனேன். முதலில் ஒரு மெஷினுக்குள் முகவாயை வைத்து நிற்கச் சொன்னார்கள். அது என் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு நாற்காலியில் சாய்த்து, கன்னங்களை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வாயில் மாட்டினார்கள். அதை மாட்டிவிட்டால் உலகத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. டாக்டர் தடித்த பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு ஒவ்வொரு பல்லாக மேய்ந்தார். சுவரில் இருந்த டிவியில் என் வாய் துண்டு துண்டாகச் சேர்ந்து முழுசாக எழுந்தது. முப்பது வருஷம் பிறர் நிலத்துக்கு நான்கெல்லை எழுதியவன், என் வாயின் நான்கெல்லையை அன்றுதான் பார்த்தேன். ஆக்கிரமிப்பு நிறைய இருந்தது.

வளையத்தைக் கழற்றிவிட்டு டாக்டர் கேட்டார்.

"சார், நீங்க நல்லா சிரிக்கிற மாதிரி போட்டோ ஏதாவது இருக்கா? பழசா இருந்தாலும் பரவாயில்ல. சிரிக்கும்போது உதடு எவ்வளவு தூரம் மேல போகுதுன்னு தெரிஞ்சா, பல்லோட அளவு சரியா போடலாம்."

போனில் தேடினேன். மைத்துனனும் தன் போனில் தேடினான். மனைவிக்கு போன் போட்டுக் கேட்டோம். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பல் இருந்த காலத்திலேயே நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன் என்று தகவல் வந்தது. ஐம்பத்து நாலு வயசு ஆளுக்குச் சிரித்த போட்டோ ஒன்றுகூட இல்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. டாக்டர்தான் கொஞ்சம் முழித்தார்.

"சரி, இப்ப சிரிங்க சார்."

சிரித்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் சிரித்தேன். ஆதார் எடுக்கிற இடத்தில் விரல் ரேகை விழாமல் மறுபடி மறுபடி அழுத்தச் சொல்வார்களே, அப்படி இருந்தது. மூன்றாவது தடவை போதும் என்று விட்டுவிட்டார்.

அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகத்தின் நடுவே நெட்டாக ஒரு கோடும், கண்ணுக்கு நேரே குறுக்காக ஒரு கோடும் போட்டார். நெட்டுக்கோடு மூக்கைத் தொடாமல் போனது.

"உங்க மூக்கு லேசா இடது பக்கம் சார். அத நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்று ஆறுதல் சொன்னார்.

அதன்பிறகு அவர் சொன்னதெல்லாம் முக்கியமான விஷயம். வலது பக்கக் கீழ்க் கடைவாயில் இரண்டு பல் எப்போதோ போய்விட்டது. அந்த வெற்றிடத்தைப் பார்த்து மேல்பல் கீழே இறங்கியிருக்கிறது. வருஷக்கணக்காக நான் இடது பக்கமே மென்று, பாரம் முழுக்க முன்னால் விழுந்திருக்கிறது. பாதிப் பல்லின் வேரில் சீழ். எலும்பும் ஒரு இடத்தில் மெலிந்திருக்கிறது. சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். கடைவாயைச் சரிசெய்யாமல் முன்பல்லை மட்டும் கட்டினால் அதுவும் நிற்காது. எல்லாம் முடிய எட்டு ஒன்பது மாதம் ஆகும்.

இத்தனையையும் என் மைத்துனன் கேட்கவே இல்லை. அவன் பார்வை டிவியில் இருந்தது. டாக்டர் கடைசியாக ஒரு பொத்தானைத் தட்டியதும் அங்கே என் முகம் முழுப் பல்வரிசையோடு வந்து நின்றது.

"மச்சான்" என்றான். "இது நீங்கதானா?"

நானும் பார்த்தேன். அந்த ஆள் என்னைவிடப் பத்து வயசு குறைந்தவனாக, வங்கி மேலாளர் மாதிரி இருந்தான். பொறாமையாகக்கூட இருந்தது.

"இது ஒரு வரைவு மாதிரிதான் சார்" என்றார் டாக்டர். "கடைசியில இப்படியேதான் வரும்னு இல்ல. வேலை ஆக ஆக மாறும்."

வரைவு என்றால் என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரைவைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் உழப் போன ஆட்களைத் திட்டியவன் நான். அந்தப் படத்தை டாக்டர் என் போனுக்கு அனுப்பினார். மைத்துனன் என் போனை வாங்கித் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான். ஆசைக்குப் பார்க்கத்தான் என்று நினைத்தேன்.

பெரிய வேலைகளைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் கழற்றி மாட்டுகிற தகட்டில் இரண்டு பல் செய்து தருகிறேன் என்றார் டாக்டர். அளவை மதுரைக்கு அனுப்பிச் செய்து வரவேண்டும். முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் கிடைத்துவிடும்.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருந்தது. காலையில் டீ குடிக்க பஸ் நிறுத்தம் பக்கம் போனவன், அருப்புக்கோட்டை ரோடு திரும்பும் இடத்தில் என்னையே எதிரே பார்த்தேன். தாய்மாமன் வைத்த ஃபிளெக்ஸ். பொண்ணும் மாப்பிள்ளையும் மேலே ஆளுக்கொரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டார்கள். இடது பக்கம் மைத்துனன் கூலிங் கிளாஸ் போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். வலது பக்கம் நான் ஆள் உயரத்துக்கு நின்று, வாயில் இல்லாத பல்லையெல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். "வருக வருக" என்று எனக்குக் கீழே போட்டிருந்தது.

டீக்கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஃபிளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பல்லு கட்டிட்டீகளாண்ணே? எங்க, காட்டுங்க பாப்போம்."

"இன்னும் இல்ல."

"அப்ப பல்லு மட்டும் முன்னாடியே வந்து நிக்குதா? ஆளு எப்ப வருவாக?"

அன்று முழுக்க என் மேஜைக்கு வந்தவர்களில் பத்திர வேலையாக வந்தவர்கள் குறைவு. மைத்துனனுக்கு போன் போட்டுக் கத்தினேன். மல்லாங்கிணறு போகிற வழியிலும், மண்டபத்து வாசலிலும்கூட வைக்கச் சொல்லியாகிவிட்டது என்றான்.

"அது வரைவுலே மாப்ள, வரைவு" என்றேன்.

"இன்னும் மூணு நாள்ல பல்லு வரப்போகுதுல்ல மச்சான். முகூர்த்தத்தன்னிக்குப் பாத்தா எல்லாம் சரியா இருக்கும்."

யோசித்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. அப்படியே விட்டேன்.

சொன்ன நாளில் தகடு வந்தது. மாட்டியதும் 'ச' சொல்லும்போது கொஞ்சம் காற்றடித்தது, அவ்வளவுதான். டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார். ஃபிளெக்ஸில் இருந்த ஆள் இல்லைதான், ஆனால் அவனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஃபிளெக்ஸுக்கு நேர் கீழே போய் நின்று, டீக்கடைக்காரரைப் பார்த்து வாய் விரிய ஒரு சிரிப்பு சிரித்தேன். அவர் கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டு நாள் நான் ஃபிளெக்ஸுக்கு உண்மையானவனாக இருந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர் வந்தார். தன் பங்கு நிலத்தை மகள் பேருக்கு எழுதி வைக்க வேண்டும். இன்றைக்கு நல்ல நாள், இன்றைக்கே வேண்டும். அவசரமாகத் தயார் செய்தேன். அச்செடுத்து, துளை போட்டு, நூல் கோத்து, முடிச்சை இறுக்கி, மிச்ச நூலைக் கடித்தேன்.

டக்கென்று சத்தம் கேட்டது. நூல் அறுபடவில்லை. தகடு இரண்டாகி, ஒரு பல் மட்டும் தெறித்து அந்தப் பத்திரத்தின் மேல் விழுந்தது. சம்சாரி அதைப் பத்திரமாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது இதோட சேந்ததாய்யா, வேறயா?"

கத்தரிக்கோல் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

டாக்டருக்கு போன் செய்தேன். திரும்ப மதுரைக்குப் போய் வர மூன்று நாலு நாள் ஆகும் என்றார். மோட்டாருக்குப் போடும் பசையைக் கொண்டு ஒட்டித் தருவதாக மைத்துனன் சொன்னதைச் சொன்னபோது, கழன்று தொண்டைக்குள் போனால் கல்யாணத்தை ஆஸ்பத்திரியில்தான் நடத்த வேண்டியிருக்கும் என்றார். தகட்டை ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு ஒரு நாளைக் கடத்திவிடலாம், எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு என்று நினைத்தேன்.

அருப்புக்கோட்டை மண்டபத்து வாசலில் பத்தடி உயரத்துக்கு நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அதற்குக் கீழே நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சாப்பாடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். 'வாங்க' என்று வாய் திறந்து சொல்லாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். இருபது வருஷம் முன்னால் ஒரு சடங்கு வீட்டில் வாங்க சொல்லாதவனை இன்றுவரை பேரைச் சொல்லித் திட்டுகிற குடும்பங்கள் உண்டு. இது தெரிந்தும் நான் கும்பிட்டேன், தலையாட்டினேன், கையைக் காட்டி உள்ளே அனுப்பினேன். 'வாங்க' என்ற சொல்லை வாயை அகலத் திறக்காமல் சொல்ல முடியாது. வேண்டுமானால் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

மல்லாங்கிணற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். கும்பிட்டேன். சம்பந்தியம்மா ஒரு நொடி நின்று என் வாயைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மேலே ஃபிளெக்ஸைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி வேகமாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அங்க என்ன பேசிக்கிறாகன்னு தெரியுமா? 'பொண்ணோட அப்பாவுக்கு இன்னும் மனசு எறங்கல, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாரு'ன்னு பேசிக்கிறாக. எட்டு மாசம் மாட்டேன்னு நின்ன ஆளுதான, வேற எப்படி நெனப்பாக?"

கடிக்கப் பல் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். மணப்பெண் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மகள் நகையெல்லாம் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வழக்கம்போல ஒரு தலையாட்டல் ஆட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டும்.

காலைப் பந்தியில் கை கழுவுகிற இடத்தில் சம்பந்தி என்னைப் பிடித்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே முகத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டவர். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகப் பேசினார்.

"சம்மந்தி, மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பச் சொல்லிருங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஆனா உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வாழ வருது. அப்பாவுக்குப் பிடிக்காமத்தான் வந்தோம்னு அது நெதம் நெனச்சுக்கிட்டுக் கெடக்கக் கூடாது. அதுக்காகத்தான் கேக்குறேன்."

அதுவரைக்கும் என் வாயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தை மாதத்தில் நான் சொன்ன அந்த 'ம்' இன்னும் அந்தப் பெண்ணின் தொண்டையில் நிற்கிறது. அவள் குனிந்தது வெட்கத்தில் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனிதன் நான் என்று இருந்தது.

சம்பந்தியின் முன்னால் வாயைத் திறந்து காட்டினேன். கன்னத்தை விரலால் இழுத்துக்கூடக் காட்டினேன். பிறகு சட்டைப் பையிலிருந்து தாளைப் பிரித்து உடைந்த தகட்டையும் எடுத்து வைத்தேன்.

"நூலைக் கடிச்சேன் சம்மந்தி" என்றேன். "கூச்சமாப் போச்சு. வேற ஒண்ணும் இல்ல. உங்க பையன எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவர் என் வாயைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். பந்தி நடக்கும் கூடத்தைத் தாண்டி வாசலில் தெரிந்த பத்தடி ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதன்பின் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். குழாயைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் தொற்றிக்கொண்டது. என்னால் அடக்க முடியவில்லை, கையில் தூக்கி மறைக்கத் தாளும் இல்லை, இருந்த தாளில் தகடு இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கை கழுவுகிற இடத்தில் நின்று சிரித்தோம். இலை எடுக்க வந்தவர் ஒதுங்கி நின்றார். மகளின் சிநேகிதி ஒருத்தி அந்தப் பக்கம் போனவள் போனைத் தூக்கினாள். கல்யாண வீட்டுப் போட்டோகிராபரும் ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு வாசலுக்குப் போய், என் ஃபிளெக்ஸுக்குக் கீழேயே நின்று, வந்த ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்றேன். முன்னால் சொல்லாமல் விட்டவர்களைப் பந்தியில் தேடிப் போய்ச் சொன்னேன். சம்பந்தியம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். போதும் போதும் என்று அவர் சிரிப்பை மறைத்துக்கொண்டார். தாலி கட்டும்போது மகள் என் பக்கம் ஒருமுறை திரும்பினாள். நான் ஓட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆடிக்கு மகளை அழைத்து வந்தோம். அதே வாரம் ஆல்பமும் வந்தது. மைத்துனன் தன் கையால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது பக்கத்தில் எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர் அனுப்பிய படத்தை ஸ்டூடியோவிலும் கொடுத்திருக்கிறான். நான் வாய் திறந்த படங்களிலெல்லாம் அந்தப் பல்வரிசையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். எல்லாப் படத்திலும் ஒரே பல், ஒரே வெளிச்சம். மகளை அனுப்பி வைக்கும்போது வாய் கோணி அழுதிருக்கிறேன், அதிலும் வங்கி மேலாளரின் பல்வரிசை மின்னியது. கை கழுவுகிற இடத்துப் படத்திலும் விடவில்லை. சம்பந்தி குலுங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் யாரோ ஒருவர் பற்பசை விளம்பரத்துக்கு நிற்பதுபோல் இருந்தது.

"எப்படி மச்சான்?" என்றான். கல்யாணத்துக்கு ஓடி ஓடி உழைத்தவன். நல்லா இருக்கு மாப்ள என்றேன்.

மகள் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நீங்க இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, தன் போனிலிருந்து ஒரு படத்தை எனக்கு அனுப்பினாள். சிநேகிதி எடுத்தது. லேசாக ஆடியிருந்தது. கண் இரண்டும் மூடி, மேலுதடு எங்கேயோ ஏறி, ஈறும் ஓட்டையும் மிச்சமிருந்த பாதிப் பல்லுமாக ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்ததும் பாதிப் பல்லை வேரோடு எடுத்த இடம் ஆறியிருந்ததால் மறுபடி எல்லா அளவும் எடுக்கக் கூப்பிட்டிருந்தார். மகளும் கூட வந்தாள். நாற்காலியில் சாய்ந்ததும் பழைய டிசைனை டிவியில் போட்டார். எனக்கு அந்த முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. போனை எடுத்துப் புதுப் படத்தைக் காட்டினேன்.

"நீங்க அன்னிக்குச் சிரிச்ச போட்டோ கேட்டீகள்லம்மா. இப்ப ஒண்ணு இருக்கு."

டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பழையதற்குப் பக்கத்தில் வைத்தார். குறுக்குக் கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். இரண்டு சிரிப்புக்கும் நடுவே உதடு ஏறும் தூரத்தைக் கம்ப்யூட்டரில் அளந்தார். பிறகு தன்னையே நொந்துகொள்கிற மாதிரிப் பேசினார்.

"உதடு இவ்வளவு மேல போகும்னு அன்னிக்கு நீங்க காட்டவே இல்லயே சார். ஈறு வரைக்கும் தெரியுது. பழைய டிசைன்ல பல் நீளமா போட்டிருக்கேன், அதை இந்தச் சிரிப்புக்கு வச்சா கட்டுப் பல்லுன்னு தூரத்துலயே தெரிஞ்சிரும். அது செல்லாது. முதல்ல இருந்து போடணும்."

பழைய முகத்தைத் தேர்வு செய்து அழித்தார். பத்தடி உயரத்துக்கு நின்றவன் ஒரு சத்தமும் இல்லாமல் போனான். பிறகு என் வாயில் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிவிட்டு, புதுப் படத்தின் மேல் கோடு போட ஆரம்பித்தார்.

"இது எப்ப எடுத்தது சார்? தேதி போட்டு வச்சுக்குறேன்."

என்னால் பதில் சொல்ல முடியாதே. மகள்தான் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்கப்பா என் கல்யாணத்துக்குச் சம்மதிச்ச அன்னிக்கு."

முப்பது வருஷமாகத் தேதி தப்பாக இருந்தால் திருத்தாமல் விட்டதில்லை நான். இல்லை, அது தை மாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். வளையம் மாட்டியிருந்தது. கழற்றிய பிறகும் நான் திருத்தவில்லை.